கல்லூரிப் பகுத்தறிவு மன்றத்தின் புதிய பொறுப்பாளர்களை அறிமுகப்படுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கல்லூரி திறந்ததும் அறிவிப்புப் பலகைகளில் ஒரே மாதிரியான சுவரொட்டிகள் வரிசையாக ஏறும். மேலே கல்லூரி முத்திரை, கீழே ஐந்து பாஸ்போர்ட் படங்கள், அவற்றின் அடியில் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர். புகைப்படக் கழகத்துக்கும் சதுரங்கக் கழகத்துக்கும் இது போதும். பகுத்தறிவு மன்றம், மதச்சார்பற்ற மாணவர் வட்டம், அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டம் போன்றவற்றுக்குப் போதாது. அந்தச் சுவரொட்டியின் முன்னால் நிற்கும் முதலாண்டு மாணவியின் மனத்தில் ஓடுவது வேறு. "நான் கோயிலுக்குப் போறவ, என்னைச் சேர்த்துக்குவாங்களா? சேர்ந்தா வீட்டுக்குத் தெரியுமா? இவங்கள்ல யார்கிட்ட முதல்ல போய்ப் பேசலாம்?" அறிமுகம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதவிப் பெயர் அதற்கு உதவாது.

நான் படித்த காலத்தில் எங்கள் மன்றத்தின் இணைச் செயலாளரை "தீவிர நாத்திகர்" என்று போட்டுச் சுவரொட்டி அடித்தோம். அந்த வரியை எழுதியவன் நான். அவளைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்தேன். யாரோ அதைப் படமெடுத்து அனுப்ப, இரண்டே நாளில் அவள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வார இறுதியில் அவள் அப்பா விடுதிக்கு வந்து அழைத்துப் போனார். ஒரு மாதம் கழித்துத்தான் கல்லூரிக்குத் திரும்பினாள், மன்றத்துக்குத் திரும்பவே இல்லை. அப்படிப் போடலாமா என்று அவளிடம் நாங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை. இப்போது ஒரு கல்லூரியில் இப்படிப்பட்ட மன்றத்துக்குப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். கீழே சொல்லும் படிகளில் பாதிக்கு மேல் அந்தத் தவறிலிருந்து கற்றவை.

முதல் படி: மன்றம் எது என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

பொறுப்பாளர்களை அறிமுகப்படுத்தும் முன் அவர்கள் எதற்குப் பொறுப்பு என்பது தெளிவாக வேண்டும். நம் ஊரில் மதச்சார்பின்மையும் நாத்திகமும் ஒன்றோடொன்று கலந்தே பேசப்படுகின்றன. பெரியார் பிறந்த மண்ணில் அது இயல்புதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 1943-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பிராமண மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவர்களுக்கு வேறு பானை என்று இருந்தது. அதை எதிர்த்த மாணவர்களிடமிருந்துதான் திராவிட மாணவர் கழகம் பிறந்தது. கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதத்தில் தொடங்கிய போராட்டம் அல்ல அது. எல்லோரும் ஒரே பானையில் குடிக்கலாமா என்பதுதான் கேள்வி. பக்தி உள்ள மாணவனும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

உங்கள் மன்றம் எந்த வகை? "எந்த மதத்தவரும், மதம் இல்லாதவரும் சேர்ந்து அறிவியலையும் அரசியல் சாசனத்தையும் வாசிக்கும் வட்டம்" என்பது ஒரு வகை. "கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் தயங்காமல் பேச ஓர் இடம்" என்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் கல்லூரியில் இடம் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் எது என்று சொல்லாமல் விட்டால் வருகிறவர் ஏமாந்து போவார். முதல் வகை என்றால் பொறுப்பாளர்களிலேயே நம்பிக்கை உள்ள ஒருவர் இருப்பது நல்லது, அவரை மறைக்கவும் வேண்டாம்.

அந்த ஒரு வரிக்கு அடியில் இன்னொரு வரி சேர்க்கலாம். அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆய்ந்தறியும் உணர்வையும் சீர்திருத்த நாட்டத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. 1976-ல் 42-ஆவது திருத்தத்தில் சேர்ந்த பிரிவு அது. முகப்புரையில் "மதச்சார்பற்ற" என்ற சொல் ஏறியதும் அதே திருத்தத்தில்தான். மதச்சார்பின்மை சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்று 1994-ல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "இது என்ன புது வம்பு?" என்று கேட்கும் பெற்றோரிடமும் முதல்வரிடமும் இந்தச் செய்திகள் நன்றாகவே பேசும்.

இரண்டாம் படி: ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள்

அவசரப்படக் கூடாத படி இதுதான். கூட்டத்தில் வைத்து "உன் பேரைப் போடலாம்ல?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நண்பர்கள் முன்னால் பயந்தவளாகத் தெரிய யாருக்கும் மனம் வராது. அதனால் தனித்தனியாக, கேன்டீனிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து கேளுங்கள். கேட்பவர் பதவி முடிந்து போகும் பழைய செயலாளராக இருந்தால் நல்லது. வேண்டாம் என்று சொல்ல அவரிடம் தயக்கம் இருக்காது.

கேட்க வேண்டியது மூன்று. பெயர் எதுவரை போகலாம்? மன்றக் கூட்டத்தில் மட்டுமா, கல்லூரிப் பலகையிலுமா, இணையத்திலுமா? அடுத்து, படம் போடலாமா? கடைசியாக, கடவுள், மதம், சாதி பற்றிய சொந்த நிலைப்பாட்டை யாராவது கேட்டால் சொல்வீர்களா, சொல்ல விரும்பவில்லையா? பதிலை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கொள்ளலாம் என்ற வரியும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

இது வெறும் நாகரிகம் பற்றிய விஷயம் அல்ல. 2017 மார்ச்சில் கோவையில் ஃபாரூக் என்ற பகுத்தறிவாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். கடவுள் மறுப்புக் கருத்துகளைச் சமூக ஊடகத்தில் எழுதி வந்தவர், வயது 31. எல்லா மாணவருக்கும் அப்படி ஓர் ஆபத்து காத்திருக்கிறது என்று சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு வருவது வீட்டில் சண்டை, படிப்பை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டல், விடுதியில் ஒதுக்கல் இவைதான். ஆனால் எந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது அந்த மாணவருக்குத்தான் தெரியும். அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு தரும் மனச்சான்றுச் சுதந்திரத்தில், தன் நம்பிக்கையைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதும் அடங்கும் என்றே நான் எடுத்துக் கொள்கிறேன். ஒருவர் எதை நம்புகிறார் என்று ஊருக்குச் சொல்லும் உரிமை மன்றத்துக்குக் கிடையாது.

"பொறுப்பில் இருந்துகொண்டு மறைக்கலாமா?" என்று சில மாணவர்கள் கேட்பார்கள். மறைக்கலாம். கணக்கு எழுதவும் நூல் தேர்ந்தெடுக்கவும் அரங்கு பதிவு செய்யவும் யாரும் தன் நம்பிக்கையை அறிவிக்கத் தேவையில்லை. வெளியில் பேச ஒருவர் வேண்டும் என்றால், முகம் தெரிவதில் சிக்கல் இல்லாத ஒருவர் அந்த வேலையை எடுத்துக் கொள்ளட்டும்.

மூன்றாம் படி: பெயர், இனிஷியல், ஊர்

தமிழ்நாட்டில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதனால் இன்றைக்கு இனிஷியலும் பெயரும் போதும். வெளிமாநில மாணவர் பொறுப்பில் இருந்தால் அவர் கல்லூரிப் பதிவேட்டில் குடும்பப் பெயர் இருக்கும். அதைப் போடுவதா வேண்டாமா என்று அவரே சொல்லட்டும், நாமாக வெட்டவும் கூடாது, சேர்க்கவும் கூடாது. இனிஷியலை அம்மா பெயரில் போட விரும்புகிறவர்களும் அப்பா, அம்மா இருவர் பெயரிலும் போட விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டு எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதுங்கள்.

சொந்த ஊர் போடுவது நம்மிடம் வழக்கம். "மதுரைக்காரன்" என்பதில் ஒரு நெருக்கமும் உண்டு. மாவட்டத்தோடு நிறுத்துங்கள். ஊரும் தெருவும் பள்ளியும் சேர்ந்தால் சாதியைக் கணக்குப் போட்டுவிடுவார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருப்பத்தூரைச் சேர்ந்த வழக்கறிஞர் சினேகா, சாதி, மதம் அற்றவர் என்ற சான்றிதழை 2019 பிப்ரவரியில் பெற்றபோது நாடே பேசியது. அதற்குப் பல ஆண்டுகள் அலைந்திருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில், மன்றமே ஒருவரின் சாதியை மறைமுகமாகச் சொல்லிவிடக் கூடாது.

நான்காம் படி: அறிமுகக் குறிப்பு எழுதுதல்

வழக்கமாக வரும் குறிப்பு இப்படி இருக்கும்: "பன்முகத் திறமையாளர், சிறந்த பேச்சாளர், சமூக அக்கறை கொண்டவர், பல பரிசுகள் வென்றவர்." யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும், அதனால் யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. முதலாண்டு மாணவிக்கு இதைப் படித்தால் பயம்தான் வரும். இவ்வளவு பெரிய ஆளிடம் நான் என்ன பேச?

குறிப்பைப் பொறுப்பாளரே "நான்" என்று எழுதட்டும். அறுபது முதல் எண்பது சொற்கள் போதும். அதில் இவை வர வேண்டும்: என்ன படிக்கிறார், மன்றத்துக்கு எப்படி வந்தார், இந்த ஆண்டு அவர் கையில் இருக்கும் வேலை, அவரை எங்கே எப்போது பார்க்கலாம். ஒரு மாதிரி தருகிறேன்.

"வணக்கம். மூன்றாமாண்டு இயற்பியல் படிக்கிறேன். முதலாண்டில் சூரிய கிரகணத்தின்போது சாப்பிடலாமா என்று விடுதியில் பெரிய சண்டை வந்தது. பதில் தேடி இந்த மன்றத்துக்கு வந்தேன், அப்படியே தங்கிவிட்டேன். இந்த ஆண்டு வாசிப்புக் கூட்டங்களை நான் பார்த்துக் கொள்கிறேன். மாதம் இரண்டு, முதல் கூட்டத்தில் சாசனத்தின் முகப்புரை. படித்துவிட்டு வர வேண்டிய கட்டாயம் இல்லை. செவ்வாய், வியாழன் மதிய இடைவேளையில் நூலகத்துக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் இருப்பேன்."

இதில் அவர் கடவுளை நம்புகிறாரா என்பது இல்லை. ஆனால் யாரென்று தெரிகிறது. கிரகணச் சண்டையைப் படிக்கும் மாணவிக்குத் தன் விடுதி அறை நினைவுக்கு வரும். எங்கே போய்ப் பார்ப்பது என்பதும் தெரிந்துவிட்டது. இன்னொன்று, பொருளாளருக்கானது:

"வணிகவியல் இரண்டாமாண்டு. கடந்த ஆண்டு மன்றத்தின் வரவு செலவு நோட்டை எழுதினேன். சந்தா எவ்வளவு, எதற்குச் செலவானது என்று யார் கேட்டாலும் காட்டுவேன், கேட்கவே வேண்டும். நான் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவன். இந்த மன்றத்தில் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை, நானும் யாரிடமும் என் நம்பிக்கையைத் திணித்ததில்லை."

இதைச் சொல்ல அவரே விரும்பினார் என்றால் மட்டுமே இப்படிப் போடலாம். விரும்பினால், அந்த ஒரு வரி ஆயிரம் துண்டறிக்கை செய்யாத வேலையைச் செய்யும்.

குறிப்பைத் திருத்துபவர் கவனிக்க வேண்டியவை சில. மற்றவர்களின் நம்பிக்கையைத் தாழ்த்திப் பேசும் சொற்கள் வந்தால் எடுத்துவிடுங்கள். "மூடர்கள்", "இருட்டில் கிடப்பவர்கள்" போன்றவை மேடையில் கைதட்டல் வாங்கலாம். அறிமுகத்தில் அவை கதவை அடைக்கின்றன. மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதைக் குற்றமாக்கும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆவது பிரிவாகத் தொடர்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். கடுமையான விமர்சனத்துக்குக் கூட்டமும் கட்டுரையும் இருக்கின்றன, அங்கே ஆதாரத்தோடு பேசலாம். அப்புறம், பெண் பொறுப்பாளர்களை "அழகான குரலுக்குச் சொந்தக்காரர்", "எங்கள் செல்லத் தங்கை" என்று எழுதும் பழக்கத்தை இதோடு விட்டுவிடுவோம். செயலாளர் என்றால் செயலாளர்தான்.

ஐந்தாம் படி: படம்

செல்போன் போதும். காலை நேரத்தில் வராந்தா நிழலில் எடுத்தால் முகத்தில் வெளிச்சம் சீராக விழும். எல்லாப் படங்களும் ஒரே அளவில் இருக்கட்டும், தலைவர் படம் மட்டும் பெரிதாக வேண்டாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நெற்றியில் இருக்கும் விபூதியையோ பொட்டையோ, கழுத்தில் இருக்கும் சிலுவையையோ, ஹிஜாபையோ படத்துக்காக எடுக்கச் சொல்லாதீர்கள். சொல்லாமல் சொல்வதும் வேண்டாம். அதே போல, கறுப்புச் சட்டை போட்டு வா என்றும் சொல்ல வேண்டாம். அன்றாடம் கல்லூரிக்கு எப்படி வருகிறாரோ அப்படியே வரட்டும். படம் வேண்டாம் என்றவருக்கு வெற்றுக் கட்டம் விட்டால் அது மட்டும் உறுத்தும். ஒருவராவது வேண்டாம் என்றிருந்தால் எல்லோருக்கும் ஓவியமோ கையெழுத்தோ போட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: அனுமதி

சுவாரசியமில்லாத வேலை, ஆனால் இதில் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் வீண். 2014-ல் சென்னை ஐஐடியில் தொடங்கிய அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை 2015 மே மாதம் நிர்வாகம் விலக்கிக் கொண்டது. பெயரில்லாத ஒரு புகாருக்குப் பிறகு எடுத்த நடவடிக்கை அது. மாணவர்களுக்குத் தரப்பட்ட சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் காரணம் சொன்னார்கள். நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்து, ஜூன் மாதமே அங்கீகாரம் திரும்ப வந்தது. அந்த மாணவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். எல்லா மன்றத்துக்கும் நாடு திரண்டு வராது. அதனால் தாள்களைச் சரியாக வைத்துக் கொள்ளுங்கள்.

கல்லூரிப் பெயரையும் முத்திரையையும் போட எழுத்தில் அனுமதி வேண்டுமா என்று விதிப் புத்தகத்தில் பாருங்கள். அறிமுகச் சுவரொட்டியின் இறுதி வடிவத்தில் பொறுப்பாசிரியரின் கையெழுத்தும் தேதியும் வாங்கி, நகலைக் கோப்பில் வையுங்கள். பொறுப்பாளர்கள் எப்படித் தேர்வானார்கள் என்பதையும் சுவரொட்டியில் ஒரு வரியில் சொல்லுங்கள். "உறுப்பினர்கள் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தவர்கள்" என்றோ "முன்னாள் குழு பரிந்துரைத்து, உறுப்பினர் கூட்டம் ஏற்றது" என்றோ எது உண்மையோ அது. கேள்வி கேள் என்று சொல்லும் மன்றம் இந்தக் கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஏழாம் படி: அறிமுகக் கூட்டம்

நாள் தேர்வில் இரண்டு நல்ல வாய்ப்புகள் உண்டு. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கைக்கு எதிராக வாழ்நாள் முழுக்க உழைத்த நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாளை அறிவியல் இயக்கங்கள் தேசிய அறிவியல் மனப்பான்மை நாளாகக் கடைப்பிடிக்கின்றன. கலைக் கல்லூரிகளுக்கு அது பொருந்தும், முதலாண்டு மாணவர்கள் அதற்குள் ஓரளவு பழகியிருப்பார்கள். பொறியியல் கல்லூரிகளில் கலந்தாய்வு முடிந்து வகுப்பு தொடங்கத் தாமதமாவதால் பெரியார் பிறந்த செப்டம்பர் 17 வசதி. தமிழ்நாடு அரசு 2021-லிருந்து அதைச் சமூகநீதி நாளாக அறிவித்திருப்பதால் அரங்கு கேட்பதும் எளிது.

நேரம் அதைவிட முக்கியம். வெள்ளிக்கிழமை மதியம் வைத்தால் தொழுகைக்குப் போகும் மாணவர்கள் வர முடியாது. மாலை 6 மணிக்கு மேல் வைத்தால் மகளிர் விடுதிக் கதவு மூடிவிடும். நாலரைக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பினால் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அதில் போய்விடுவார்கள். மதிய இடைவேளையை ஒட்டி நாற்பது நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

குத்துவிளக்கு வேண்டாம், வேறு எந்த மதச் சடங்கும் வேண்டாம். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடி, முகப்புரையை எல்லோரும் சேர்ந்து வாசித்தால் போதும். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேடை போட்டால் ஐந்து பேர் மேலே, ஐம்பது பேர் கீழே என்றாகிவிடும், அதன் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பொன்னாடைக்குப் பதிலாக, போன ஆண்டுப் பொறுப்பாளர் தன் பதவிக்கு உரிய பொருளைப் புதியவர் கையில் கொடுக்கட்டும். செயலாளருக்குக் கூட்டக் குறிப்பேடு, பொருளாளருக்குக் கணக்கு நோட்டு, வாசிப்புப் பொறுப்பாளருக்கு நூல் அலமாரிச் சாவி. கொடுக்கும்போது இரண்டே வரி பேசட்டும்: இதில் எனக்குக் கஷ்டமாக இருந்தது இது, இவரிடம் நான் பார்த்தது இது. பாராட்டுப் பத்திரம் வாசிப்பதைவிட இது நெஞ்சில் நிற்கும். நாங்கள் தொடர்ந்து செய்து பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

பாதி நேரத்தைக் கேள்விகளுக்கு விடுங்கள். கூட்டம் தொடங்கும்போதே துண்டுத் தாள்களைக் கொடுத்து, பெயர் இல்லாமல் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். கண்டிப்பாக வரும் கேள்வி ஒன்று உண்டு: "நீங்க சாமி கும்பிடுவீங்களா?" இதற்கு முன்கூட்டியே பழகிக் கொள்ளுங்கள். சொல்ல விரும்புகிறவர் சுருக்கமாகச் சொல்லட்டும். விரும்பாதவர், "அது என் சொந்த விஷயம், இங்கே யாரும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை, உங்களையும் கேட்க மாட்டோம்" என்று சொல்லலாம். சிரித்த முகத்தோடு இந்தப் பதில் வந்தால், கேட்டவருக்கும் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்தே தைரியம் வரும். "அப்போ தீபாவளிக்கு லீவு எடுப்பீங்களா?" என்று சீண்டலாகவும் ஒன்று வரும். கோபப்பட வேண்டாம். எடுப்போம், ஊருக்குப் போவோம், அம்மா கையால் சாப்பிடுவோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: இணையத்தில் போட்ட பிறகு

அனுமதி தந்தவர்களின் குறிப்பு மட்டும் மன்றத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் போகட்டும். யாருடைய சொந்த எண்ணும் வேண்டாம், மன்றத்துக்கென ஒரு மின்னஞ்சல் போதும். அதன் கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும், பொறுப்பு மாறும் நாளன்று மாற்றிவிடுங்கள். பொறுப்பாளர்களின் தனிப்பட்ட பக்கங்களை இணைக்காதீர்கள், அங்கே அண்ணன் தங்கை படமெல்லாம் இருக்கும்.

முதல் மூன்று நாள் யாராவது ஒருவர் பின்னூட்டங்களைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வசவை நீக்குங்கள். மிரட்டலை மட்டும் உடனே நீக்கிவிடாதீர்கள், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, பொறுப்பாசிரியரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் சைபர் குற்றங்களுக்கான cybercrime.gov.in தளத்திலோ அருகில் உள்ள காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். மிரட்டப்பட்டவரை அன்றிரவு தனியாக விடாதீர்கள். வீட்டிலிருந்து அழைப்பு வந்து ஒருவர் "என் பெயரை எடுத்துடுங்க" என்றால், காரணம் கேட்காமல் பத்து நிமிடத்தில் எடுங்கள். பலகையில் இருக்கும் தாளையும் கிழியுங்கள். அவர் மன்றத்தில் தொடரலாம் என்பதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். அன்றைக்கு எங்கள் இணைச் செயலாளரிடம் அதை யாரும் சொல்லவில்லை.

ஆண்டு முடிந்ததும் பழைய அறிமுகங்களை அப்படியே விட்டுவிட வேண்டாம். படிப்பு முடித்து வேலைக்கும் மணத்துக்கும் போகிறவர்களிடம், இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா என்று மீண்டும் ஒருமுறை கேளுங்கள். கையெழுத்திட்ட அந்தத் தாள்களைப் புதிய செயலாளரிடம் குறிப்பேட்டோடு சேர்த்துக் கொடுங்கள். எங்கள் மன்றத்தில் அவை ஒரு பச்சைக் கோப்பில் இருக்கின்றன. அதன் முதல் பக்கத்தில் எதுவும் அச்சிடவில்லை, "முதல்ல கேளு" என்று ஒரு மாணவி பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள்.